இணைய விளையாட்டுகளில் நன்னடத்தை

இணைய விளையாட்டுகளில் நன்னடத்தை என்பது, ஒருவரையொருவர் நேரில் காணாத பலர் கணிப்பொறி அல்லது கைபேசி வழியாகச் சேர்ந்து ஆடும் விளையாட்டுகளில் நேர்மையாக ஆடுபவர்களைச் சிறப்பிக்கவும், வசைபாடுபவர்களையும் ஏமாற்றுபவர்களையும் ஆட்டத்தைக் கெடுப்பவர்களையும் தண்டிக்கவும் உருவாக்கப்பட்ட முறைகளைக் குறிக்கும். இம்முறைகள் 1970களின் இறுதியில் பிரிட்டனில் தொடங்கி, 1980களிலும் 90களிலும் அமெரிக்காவில் சோதிக்கப்பட்டு, 2010க்குப் பின் பெரிய நிறுவனங்களின் தனித்துறையாகவே ஆயின. தமிழகத்தில் இச்சிக்கல் 2021 ஜூன் மாதம் பொதுவெளிக்கு வந்தது. ஒரே வாரத்தில் நிகழ்ந்த இரண்டு நிகழ்வுகள் அதற்குக் காரணமாயின.

பின்னணி

விளையாட்டில் தோற்றவருக்குத் தண்டனை உண்டு, முறைகேடாக ஆடியவருக்கு எழுதப்பட்ட தண்டனை இல்லை என்பது தமிழக நாட்டு விளையாட்டுகளின் பொதுத்தன்மை. தேவநேயப் பாவாணர் தொகுத்த 'தமிழ்நாட்டு விளையாட்டுகள்' (1954) போன்ற நூல்களில் ஆட்டத்தின் விதிகள், பாடல்கள், தோற்றவர் செய்யவேண்டியவை ஆகியவை உள்ளன. கிட்டிப்புள்ளில் தோற்றவர் மூச்சுவிடாமல் பாடிக்கொண்டு ஓடவேண்டும். ஆனால் கோட்டைத் தொட்டுவிட்டு தொடவில்லை என்று சாதிப்பவரை என்ன செய்வது என்பதற்கு விதி தேவைப்படவில்லை. அவர் 'அழுகுணி' என்று பெயர் பெறுவார், மறுநாள் ஆட்டத்தில் அவரை எந்த அணியும் முதலில் கேட்காது. மண்டைக்காடு, குளச்சல், முட்டம் போன்ற கடற்கரை ஊர்களில் மணலில் பந்தாடும் பையன்களுக்கு நடுவர் இல்லை. நாளையும் அதே மணலுக்கு அதே பையன்கள்தான் வரவேண்டும் என்பதே அங்கு நடுவராக இருந்தது.

இணைய விளையாட்டில் இல்லாமல் போனது இதுதான். மண்டைக்காட்டில் கைபேசியுடன் அமர்ந்திருக்கும் ஒருவர் கோயம்புத்தூரிலும் கொல்கத்தாவிலும் இருக்கும் மூவருடன் அரைமணி நேரம் ஒரே அணியில் இருப்பார். ஆட்டம் முடிந்தபின் அவர்களை வாழ்நாளில் மீண்டும் சந்திக்க வாய்ப்பில்லை. சம்பாதித்த பெயரும் கெட்டபெயரும் அங்கேயே அழிந்துவிடும். நன்னடத்தை முறைகளின் வரலாறு என்பது அந்த ஊர்நினைவை எந்திரத்தில் மீண்டும் உருவாக்க எடுத்த முயற்சிகளின் வரலாறே.

நேரடி விளையாட்டுகளில் நடத்தைக்கு மதிப்பெண் இடும் வழக்கம் முன்பே இருந்தது. கால்பந்தில் மஞ்சள், சிவப்பு அட்டைகள் 1970 உலகக்கோப்பையில் அறிமுகமாயின. 2018 உலகக்கோப்பையில் ஜப்பானும் செனகலும் எல்லாக் கணக்கிலும் சமமாக நின்றபோது, குறைவான மஞ்சள் அட்டை பெற்றிருந்த ஜப்பான் அடுத்த சுற்றுக்குச் சென்றது. ஐ.பி.எல். கிரிக்கெட்டில் ஒவ்வொரு ஆட்டத்திற்குப் பின்னும் நடுவர்கள் இடும் மதிப்பெண்ணின் அடிப்படையில் நன்னடத்தை விருது வழங்கப்படுகிறது. முதல் பருவமான 2008ல் அதைப் பெற்றது சென்னை சூப்பர் கிங்ஸ் அணி. 2013லும் 2015லும் அதே அணியே பெற்றது. 2013 பருவத்தில்தான் அணியோடு தொடர்புடையவர் மீதான சூதாட்ட வழக்கு வெடித்தது, 2015 ஜூலையில் லோதா குழு அணியை இரண்டாண்டுகள் விலக்கியது. களத்தில் நடந்ததை மட்டுமே நடுவர் பார்க்கமுடியும் என்பதற்கு இதைவிடச் சிறந்த உதாரணம் இல்லை.

தொடக்ககால முயற்சிகள்

1978ல் எசெக்ஸ் பல்கலைக்கழக மாணவர்களான ராய் ட்ரப்ஷா, ரிச்சர்ட் பார்ட்டில் இருவரும் உருவாக்கிய 'மட்' பலர் சேர்ந்து ஆடும் கணிப்பொறி விளையாட்டுகளின் மூதாதை. படங்கள் இல்லை, எழுத்து மட்டுமே. புள்ளிகள் சேர்த்து உச்சநிலையை அடைந்தவர் 'மந்திரவாதி' ஆவார். மற்ற ஆட்டக்காரர்களைத் தண்டிக்கவும், அவர்களின் பாத்திரத்தை அடியோடு அழிக்கவும் அவருக்கு அதிகாரம் உண்டு. திறமையாக ஆடியவரிடமே நீதியும் ஒப்படைக்கப்பட்டது. நன்றாக ஆடத்தெரிந்தவருக்கு நன்றாகத் தீர்ப்புசொல்லத் தெரியும் என்ற இந்த நம்பிக்கை நெடுநாள் நீடித்தது.

1986ல் லூகாஸ்ஃபிலிம் கேம்ஸ் நிறுவனம் கமடோர் 64 கணிப்பொறிக்காக 'ஹாபிடாட்' என்னும் விளையாட்டைச் சோதனையாக வெளியிட்டது. சிப் மார்னிங்ஸ்டார், ராண்டி ஃபார்மர் இருவரும் அதன் ஆக்குநர்கள். ஹாபிடாட் ஓர் ஊர். அங்கே வீடுகள், பணம், செய்தித்தாள், கூடவே துப்பாக்கிகளும் இருந்தன. ஒருவர் மற்றவரைச் சுட்டுப் பொருட்களைப் பறிக்கலாம். சுடப்பட்டவர் உயிரோடு வீட்டில் எழுவார், ஆனால் கையில் இருந்தவை போய்விடும். மிக விரைவில் ஊர் இரண்டாகப் பிரிந்தது. இது வெறும் விளையாட்டு, சுடுவதும் அதில் ஒரு பகுதி என்றது ஒரு தரப்பு. இது நாங்கள் வாழும் இடம், இங்கே கொலை குற்றம் என்றது மறுதரப்பு. ஆக்குநர்கள் கருத்துக்கணிப்பு நடத்தினர். முடிவு சரிபாதியாக வந்தது.

இக்காலகட்டத்தில் ஆட்டக்காரர்களில் ஒருவர், நிஜவாழ்க்கையில் கிரேக்க ஆர்த்தடாக்ஸ் திருச்சபையின் போதகர், ஹாபிடாட்டுக்குள் ஒரு தேவாலயத்தை நிறுவினார். 'புனித வால்நட் சபை' என்பது அதன் பெயர். அதில் சேர்பவர்கள் ஆயுதம் ஏந்துவதில்லை, திருடுவதில்லை, வன்முறையில் ஈடுபடுவதில்லை என்று உறுதிமொழி எடுக்கவேண்டும். ஊரார் வாக்களித்து ஒரு ஷெரீஃபையும் தேர்ந்தெடுத்தனர். கடைசியில் ஆக்குநர்கள் ஊர் எல்லைக்குள் ஆயுதங்கள் செயல்படாது, எல்லைக்கு வெளியே காட்டில் செயல்படும் என்று விதியை மாற்றினர். ஊருக்குள் ஒரு நெறி, காட்டில் வேறு நெறி என்பது தமிழ் வாசகருக்குப் புதிய செய்தி அல்ல. மார்னிங்ஸ்டாரும் ஃபார்மரும் இந்த அனுபவங்களை 1990ல் ஒரு கட்டுரையாக முன்வைத்தனர். இத்துறையின் முதல் ஆவணங்களில் ஒன்றாக அது கருதப்படுகிறது.

லாம்ப்டாமூ

ஜெராக்ஸ் நிறுவனத்தின் பாலோ ஆல்டோ ஆய்வுமையத்தில் பணியாற்றிய பாவெல் கர்ட்டிஸ் உருவாக்கிய 'லாம்ப்டாமூ' எழுத்தால் ஆன ஒரு பெரிய மாளிகை. 1992 இறுதியில் கர்ட்டிஸ், இனி மந்திரவாதிகள் ஆட்டக்காரர்களின் சமூகச் சண்டைகளில் தலையிடமாட்டார்கள், தொழில்நுட்பத்தை மட்டும் கவனிப்பார்கள் என்று அறிவித்தார். மூன்று மாதங்களில் சோதனை வந்தது.

1993 மார்ச்சில் 'மிஸ்டர் பங்கிள்' என்ற பாத்திரம் ஒரு நிரலைப் பயன்படுத்தி, கூடத்தில் இருந்த மற்ற பாத்திரங்கள் தாங்கள் செய்யாத, சொல்லாத இழிவான பாலியல் செயல்களைச் செய்வதாக எல்லோர் திரையிலும் எழுத்துகள் தோன்றும்படி செய்தது. பாதிக்கப்பட்ட பெண்கள் அதை வெறும் எழுத்து என்று ஒதுக்கவில்லை. ஆட்டக்காரர்கள் கூடி நெடுநேரம் விவாதித்தும் முடிவு எட்டப்படவில்லை. கூட்டம் கலைந்தபின் மந்திரவாதி ஒருவர் தன் சொந்த முடிவில் அப்பாத்திரத்தை அழித்தார். அதன் பின்னரே கர்ட்டிஸ் மனு அளித்தல், வாக்கெடுப்பு ஆகிய முறைகளை ஏற்படுத்தினார். ஜூலியன் டிப்பெல் அதே ஆண்டு டிசம்பரில் 'வில்லேஜ் வாய்ஸ்' இதழில் இதை எழுதியபோது இணையத்தில் நிகழும் தீங்கு மெய்யானதா என்ற விவாதம் அமெரிக்கா முழுக்கப் பரவியது. அழிக்கப்பட்ட பாத்திரத்துக்கு உரியவர் பின்னர் வேறுபெயரில் திரும்பிவந்தார் என்பதையும் டிப்பெல் பதிவுசெய்திருக்கிறார். ஊர்விலக்கம் செய்யப்பட்டவர் புதுமுகத்துடன் மறுநாளே ஊருக்குள் வரமுடியும் என்றால் விலக்கத்திற்குப் பொருளில்லை. இன்றும் தீராத சிக்கல் இது.

1997ல் வெளிவந்த 'அல்டிமா ஆன்லைன்' பிறரைக் கொல்பவர்களின் பெயரைச் சிவப்பு நிறத்தில் காட்டியது. அப்பாவிகளின் பெயர் நீலம். சிவப்புப் பெயர் அவமானமாக அல்லாமல் வீரப்பட்டமாக ஆனது. 2000ல் விருப்பமில்லாதவரைத் தாக்கமுடியாத இரண்டாவது உலகம் ஒன்று சேர்க்கப்பட்டது. ஹாபிடாட் கண்ட தீர்வேதான்.

ஆட்டக்காரர்களே நடுவர்கள்

ரயட் கேம்ஸ் நிறுவனத்தின் 'லீக் ஆஃப் லெஜெண்ட்ஸ்' (2009) ஐவர் அணிகள் மோதும் விளையாட்டு. ஒருவர் தவறு செய்தால் நால்வரும் தோற்பர். ஆகவே வசை மிகுந்தது. 2011 மே மாதம் நிறுவனம் 'ட்ரிப்யூனல்' என்ற பஞ்சாயத்து முறையைக் கொண்டுவந்தது. ஒருவர் மீது பல ஆட்டங்களில் புகார்கள் குவிந்தால் அவரது உரையாடல் பதிவுகள் மற்ற ஆட்டக்காரர்களுக்குக் காட்டப்படும். அவர்கள் 'தண்டி' அல்லது 'மன்னி' என்று வாக்களிப்பர். தொடக்கத்தில், பெரும்பான்மையோடு ஒத்துப்போன வாக்குக்கு விளையாட்டுக்காசும் வழங்கப்பட்டது. வழக்கைப் படிக்காமலேயே 'தண்டி' என்று அழுத்திவிட்டுக் காசு பெறுவதற்கு இது வழிவகுத்தது என்ற விமர்சனம் எழுந்தது. கூலிக்குத் தீர்ப்புசொல்லும் பஞ்சாயத்து எங்கும் அப்படித்தான் முடியும். தீர்ப்பு வருவதற்குள் வாரங்கள் கடந்தன. 2014ல் ட்ரிப்யூனல் நிறுத்தப்பட்டது.

ஆனால் அதிலிருந்து கிடைத்த அறிதல்கள் முக்கியமானவை. நிறுவனத்தின் ஆய்வுக்குழுவில் இருந்த நரம்பறிவியல் ஆய்வாளர் ஜெஃப்ரி லின், வசைகளில் மிகப்பெரும் பகுதி தீராத வசைபாடிகளிடமிருந்து வரவில்லை என்று சொன்னார். எப்போதும் தீயவராக நடப்பவர்கள் நூற்றுக்கு ஒருவர் அளவே. அவர்களால் விளைவது மொத்த வசையில் ஏறத்தாழ 5 சதவீதம். எஞ்சியதன் பெரும்பகுதி, மற்ற நாட்களில் ஒழுங்காக ஆடும் சாதாரண ஆட்டக்காரர்கள் ஏதோ ஒரு கெட்டநாளில் சொன்னவை. அப்படியென்றால் தீயவர்களைக் களையெடுத்தால் போதும் என்ற எண்ணம் அடிப்படையிலேயே தவறு. எதிரணியுடன் பேசும் வசதியை இயல்பாக அணைத்துவைத்து, வேண்டியவர் திறந்துகொள்ளலாம் என்று மாற்றியபோது பெரும்பாலோர் அதைத் திறந்துகொண்டனர். ஆயினும் வசை கணிசமாகக் குறைந்தது. கதவைத் திறக்க வேண்டியிருந்த அந்த ஒரு நொடியே பலரைத் தடுத்தது. தடைசெய்யப்பட்டவருக்கு அவர் பேசியதையே அச்சிட்டதுபோல் காட்டும் 'திருத்த அட்டை'யும் அறிமுகமானது. தண்டனைக்குக் காரணம் சொல்லப்பட்டவர்கள் திருந்தும் வாய்ப்பு மிகுதி என்று அறியப்பட்டது.

2012 இறுதியில் தொழில்முறை ஆட்டக்காரர் ஒருவர் வசைக்காக ஓராண்டு போட்டிகளில் இருந்து விலக்கப்பட்டார். திறமை நடத்தைக்கு ஈடாகாது என்று அறிவித்த தீர்ப்பு அது.

அதே ஆண்டு அக்டோபரில் 'ஹானர்' முறை வந்தது. ஆட்டம் முடிந்ததும் உடன் ஆடியவர்களை நட்பு, உதவி, கூட்டுணர்வு ஆகியவற்றுக்காகப் பாராட்டலாம். எதிரணியில் இருப்பவரை 'மதிக்கத்தக்க எதிரி' என்று பாராட்டவும் இடமிருந்தது. ஐயனாரிதனாரின் புறப்பொருள் வெண்பாமாலை, தோற்றோடுபவரின் முதுகில் வாள் ஓச்சாமையைத் 'தழிஞ்சி' என்று ஒரு தனித்துறையாகவே வகுக்கிறது. எதிரி மதிக்கும் நடத்தையே வீரத்தின் சான்று என்னும் எண்ணம் பழையது. அதை ஒரு பொத்தானாக ஆக்கியதே ரயட் செய்தது.

வால்வ் நிறுவனத்தின் 'டோட்டா 2' விட்டோடுபவர்களைத் தனி வரிசைக்குத் தள்ளியது. அங்கே அவர்கள் தங்களைப் போன்றவர்களோடு மட்டுமே ஆடவேண்டும். பிளிசார்ட் நிறுவனத்தின் 'ஓவர்வாட்ச்' 2018 ஜூனில் ஐந்து படிநிலைகள் கொண்ட பாராட்டு முறையைச் சேர்த்தது. தண்டிக்கப்பட்டவரின் படிநிலை இறங்கும். அதே ஆண்டு பல நிறுவனங்கள் சேர்ந்து 'ஃபேர் பிளே அலையன்ஸ்' என்ற கூட்டமைப்பை அறிவித்தன. பாராட்டு முறைகளின் குறை அனைவரும் அறிந்தது. நண்பர்கள் தங்களுக்குள் மாறி மாறிப் பாராட்டிக்கொள்வர். மொய் எழுதுவதுபோல் அது கணக்காகிவிடும்.

இணையச் சதுரங்கம்

கொரோனா காலத்தில் சதுரங்கம் முழுமையாக இணையத்திற்கு நகர்ந்தபோது இந்தியாவும் இச்சிக்கலுக்குள் வந்தது. 2020ல் செஸ்.காம் தளத்தில் நடந்த முதல் ஃபிடே இணைய ஒலிம்பியாடில் 160க்கும் மேற்பட்ட நாடுகள் பங்குகொண்டன. விதித் குஜராத்தி தலைமையிலான இந்திய அணியில் சென்னையின் விஸ்வநாதன் ஆனந்தும் ஆர். பிரக்ஞானந்தாவும் இருந்தனர். காலிறுதியில் இந்தியாவின் நிஹால் சரீனுடன் ஆடிய ஆர்மீனிய வீரரின் இணைப்பு அறுந்தது, ஆட்டம் நேரம் முடிந்து தோல்வியாயிற்று. ஆர்மீனியாவின் முறையீடு நிராகரிக்கப்பட்டது. இணைப்புக்கு ஆடுபவரே பொறுப்பு என்பது விதி. ஆர்மீனிய அணி போட்டியிலிருந்து வெளியேறியது.

ஆகஸ்ட் 30ல் ரஷ்யாவுடனான இறுதிப்போட்டி. முதல் சுற்று 3-3 என முடிந்தது. இரண்டாவது சுற்றில் நிஹால் சரீன், திவ்யா தேஷ்முக் இருவரின் இணைப்பும் அறுந்து, அவர்கள் நேரத்தில் தோற்றனர். ரஷ்யா 4.5-1.5 என வென்றது. இந்தியா முறையிட்டது. உலகளாவிய இணையத்தடங்கல் ஒன்று அந்நேரத்தில் நிகழ்ந்ததே காரணம் என்று தெரிந்தது. முறையீட்டுக்குழுவில் ஒருமித்த முடிவு அமையாதபோது ஃபிடே தலைவர் அர்காடி ட்வோர்கோவிச் இரு அணிகளுக்கும் தங்கம் அறிவித்தார். அவரே ரஷ்யர் என்பதும், தன் நாட்டின் தனிவெற்றியைப் பகிர்ந்தளித்தார் என்பதும் அந்த முடிவுக்கு ஒரு மதிப்பை அளிக்கின்றன. ஆனால் இரண்டு நாள் முன்பு வெளியேறிய ஆர்மீனியர்களுக்கு அது எப்படித் தோன்றியிருக்கும் என்பதையும் சேர்த்தே நோக்கவேண்டும். ஒரு வீட்டின் இணைப்பு அறுந்தால் வீரரின் பொறுப்பு, உலகின் இணைப்பு அறுந்தால் எவர் பொறுப்புமில்லை என்பது தர்க்கப்படி சரியான வேறுபாடு. கடிகாரம் ஓடுவதைப் பார்த்துக்கொண்டிருப்பவருக்கு இரண்டும் ஒன்றே.

2021 ஜூன் 13ல் கொரோனா நிவாரண நிதிக்காக ஆனந்த் ஒரே நேரத்தில் பல பிரபலங்களுடன் இணையத்தில் ஆடினார். அவர்களில் ஜெரோதா நிறுவனத்தின் நிகில் காமத் ஆனந்தை வென்றார். மறுநாள் அவர் கணிப்பொறியின் துணையையும் பிறரின் உதவியையும் பெற்றதாகப் பொதுவில் ஒப்புக்கொண்டு வருத்தம் தெரிவித்தார். செஸ்.காம் அவரது கணக்கை முடக்கியது. ஆனந்த், தான் பலகையில் இருந்த நிலையை ஆடியதாகவும் மற்றவர்களிடமும் அதையே எதிர்பார்த்ததாகவும் மட்டும் சொன்னார், விஷயத்தை மேலே கொண்டுசெல்லவில்லை. பின்னர் கணக்கு மீண்டும் திறக்கப்பட்டது. அறநிதிக்கான காட்சியாட்டம்தானே என்பது ஒரு வாதம். தோற்றவர் மன்னித்துவிட்டால் விதிமீறல் இல்லாமலாகுமா என்பது எதிர்வாதம். பெயர் தெரியாத ஒரு பள்ளிச்சிறுவன் இதைச் செய்திருந்தால் கணக்கு அவ்வளவு எளிதில் திறந்திருக்காது என்று பலர் சுட்டிக்காட்டினர்.

தமிழகத்தில்

பப்ஜி மொபைல் விளையாட்டு 2018 முதல் தமிழக இளைஞர்களிடம் பரவியது. நால்வர் குழுவாக, குரல்வழி பேசிக்கொண்டே ஆடுவது அதன் ஈர்ப்பு. 2020 செப்டம்பர் 2ல் இந்திய அரசு அதைத் தடைசெய்தது, ஆனால் காரணம் தரவுப் பாதுகாப்பு. அதில் எப்படிப் பேசிக்கொண்டார்கள் என்பது எவருடைய கவனத்திலும் இல்லை.

தடைக்குப் பின்னும் பப்ஜியை ஆடி, ஆடும்போது உடன் ஆடுபவர்களை, குறிப்பாகப் பெண்களை, ஆபாசமாக வசைபாடி அதை யூடியூபில் ஒளிபரப்பியதாகப் புகார்கள் எழுந்ததைத் தொடர்ந்து, மதன் என்பவர் 2021 ஜூன் 18ல் தர்மபுரியில் கைதுசெய்யப்பட்டார். அவரது ஒளிவழிகளில் ஒன்றின் பெயரே 'டாக்ஸிக் மதன் 18+'. லட்சக்கணக்கானோர் அதைப் பின்தொடர்ந்தனர், அவர்களில் பள்ளி மாணவர்களும் இருந்தனர். முன்ஜாமீன் மனு சென்னை உயர்நீதிமன்றத்திற்கு வந்தபோது அந்தப் பேச்சு கேட்கத் தகாததாக இருக்கிறது என்ற கருத்தை நீதிபதி தெரிவித்தார். ஜூலையில் அவர் குண்டர் தடுப்புச் சட்டத்தின்கீழ் தடுப்புக்காவலில் வைக்கப்பட்டார்.

இவ்வழக்கில் கவனிக்கவேண்டியது 'டாக்ஸிக்' என்ற சொல்லின் பயணம். விளையாட்டு நிறுவனங்கள் குற்றப்பெயராக வைத்திருந்த சொல் இங்கே விளம்பரப்பெயர் ஆகியது. விளையாட்டுக்குள் வசைக்குப் புள்ளி குறையும். பப்ஜி மொபைலிலேயே நடத்தைக்கான நற்புள்ளி முறை இருக்கிறது, குறிப்பிட்ட அளவுக்குக் கீழே போனவர் பிறருடன் அணிசேர முடியாது. ஆனால் அதே வசைக்கு விளையாட்டுக்கு வெளியே பார்வையாளர் எண்ணிக்கையும் பணமும் கிடைத்தன. தண்டிப்பது ஒரு நிறுவனம், பரிசளிப்பது இன்னொரு நிறுவனம். அல்டிமா ஆன்லைனின் சிவப்புப் பெயர் மீண்டும் பட்டமாகியது. வெளியிலிருந்த பரிசு தடுக்கப்படாத நிலையில் கடைசியில் எஞ்சியது தடுப்புக்காவல் சட்டம். விளையாட்டு நிறுவனமோ யூடியூபோ சில மாதங்கள் முன்பு ஒரு பொத்தானால் தடுத்திருக்கக்கூடியதற்கு அது மிகப்பெரிய கருவி.

பப்ஜியின் இந்தியப் பதிப்பான பி.ஜி.எம்.ஐ. 2021 ஜூலை 2ல் வெளிவந்தபோது 18 வயதுக்குட்பட்டோர் நாளொன்றுக்கு 3 மணிநேரமே ஆடமுடியும் என்ற கட்டுப்பாடும் செலவுக்கு 7000 ரூபாய் உச்சவரம்பும் இருந்தன. தமிழக அரசின் இணையவழிச் சூதாட்டத் தடை மற்றும் இணையவழி விளையாட்டு ஒழுங்குபடுத்தும் சட்டம், அதன்படி அமைந்த ஆணையம், 2025ல் வந்த நள்ளிரவு 12 முதல் காலை 5 வரையிலான தடை ஆகியவை பணம் வைத்து ஆடுவதைப் பற்றியவை. பணமும் நேரமும் அளக்கக்கூடியவை என்பதால் சட்டம் அவற்றைத் தொடுகிறது. நடத்தை அளவுகோலுக்கு எளிதில் அகப்படுவதில்லை.

மொழிச் சிக்கல்

வசையைக் கண்டறியும் எந்திர முறைகள் முதலில் ஆங்கிலத்துக்காக உருவானவை. தமிழ் ஆட்டக்காரர்கள் தமிழை ஆங்கில எழுத்தில் எழுதுகிறார்கள். ஒரே வசைச்சொல்லைப் பத்து விதமாக எழுதமுடியும், நடுவே ஒரு எண்ணைச் சேர்த்தால் பதினொன்றாவது விதம். சொற்பட்டியலால் அதைப் பிடிக்கமுடியாது. மேலும் தமிழில் மிகக்கொடிய வசை பல சமயம் தனியாக நோக்கினால் வசையே அல்ல. ஒரு சாதியின் பெயர், ஒரு தொழிலின் பெயர், ஊரின் எந்தப்பக்கம் வீடு என்ற கேள்வி, இவையெல்லாம் அகராதிச் சொற்களே. மறுபக்கம் குமரி மாவட்டத்து நண்பர்கள் இருவர் அன்போடு பேசிக்கொள்வதை எந்திரம் கேட்டால் இருவரையும் நிரந்தரமாகத் தடைசெய்துவிடும்.

குரலில் இது இன்னும் கடினம். பெண்ணின் குரல் கேட்டதுமே பேச்சின் போக்கு மாறுவதால் பல பெண்கள் ஒலிவாங்கியை அணைத்துவிட்டே ஆடுகிறார்கள். குழுவாகப் பேசி ஆடவேண்டிய விளையாட்டில் இது ஒரு கையைக் கட்டிக்கொண்டு ஆடுவதற்குச் சமம். புள்ளிப்பட்டியலில் அவர்கள் 'குழுவுடன் ஒத்துழைக்காதவர்' என்று பதிவாவார்கள். புகார் அளிக்கும் பொத்தான் எல்லா விளையாட்டுகளிலும் இருக்கிறது. அது கேட்கும் காரணப்பட்டியலில் ஏமாற்றுதல், விட்டுச்செல்லுதல், தகாத பேச்சு என்பவை உண்டு. எவர் பேசமுடியாமல் போனார் என்பதற்கான கட்டம் அதில் இல்லை.